அலமாரி காலியாகவே கிளம்பட்டும்

புதிதாக மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, வாங்கியவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. நானும் என் கணவரும் 11 ஆண்டுகளாக இதில் பயணம் போகிறோம். இப்போது ஓடுவது எங்கள் இரண்டாவது வண்டி. மின்சாரம், தண்ணீர், கேஸ் மூன்றும் என் பொறுப்பு. டயரும் எஞ்சினும் அவருடையது. இங்கே சொல்வதெல்லாம் நாங்கள் செய்து பார்த்தவை.

கேள்வி: அக்கா, 7 மீட்டர் நீள வண்டி வாங்கியிருக்கிறோம். மூன்று வாரத்தில் முதல் பயணம். வாங்க வேண்டிய பொருள்களை எழுத ஆரம்பித்து, பட்டியல் 112-ல் நிற்கிறது. எதை முதலில் வாங்குவது?

பட்டியலை மடித்து வைத்துவிட்டு வண்டியை ஒரு எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். டீசல் நிறைய இருக்கட்டும், கேஸ் சிலிண்டர் இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம். வண்டியின் தகட்டில் அதிகபட்ச மொத்த எடை பொறித்திருக்கும். அதிலிருந்து எடைமேடை காட்டுவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. விற்பனைக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பின்னர் பொருத்திய வெயில் மறைப்பு, சோலார் தகடு, சைக்கிள் தாங்கி எதுவும் அந்தக் கணக்கில் வந்திருக்காது.

எங்கள் முதல் வண்டியின் தகட்டில் இருந்தது 3500 கிலோ. எடைமேடை காட்டியது 3120. மிச்சம் 380 கிலோ. தாராளம் என்று நினைத்தோம். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர், அதாவது 100 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 135. சுருட்டி விரிக்கும் வெயில் மறைப்பு 28. பின்னால் மாட்டிய இரண்டு சைக்கிளும் தாங்கியும் 50. உடை, படுக்கை, பாத்திரம், நாற்காலி, மேசை, கருவிகள் எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 67 கிலோதான். அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பி, ஏற்றியிருந்ததில் பாதியை இறக்கினோம்.

எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி சைக்கிள் தாங்கி என்று வையுங்கள். அங்கே தொங்கும் 50 கிலோ, பின் அச்சில் 75 கிலோவாக அழுத்தும்; முன் அச்சிலிருந்து 25 கிலோவைத் தூக்கிவிடும். ஏற்ற இறக்கப் பலகை (சீ-சா) விளையாட்டில் நுனியில் உட்கார்ந்தவரின் கனம் எப்படிக் கூடுகிறதோ அதே கதை. முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால், ஈரப் புல்லில் சக்கரம் வெறுமனே சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கனமானவை அடியில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில். மேல் அலமாரியில் துணி, போர்வை, காகிதத் தட்டு போன்றவை மட்டும்.

அடுத்த வேலை, ஓர் இரவை வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியிலேயே கழிப்பது. விளையாட்டாகச் சொல்லவில்லை. அங்கேயே சமையுங்கள், குளியுங்கள், தூங்குங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒரு பொருளுக்காக எத்தனை முறை வீட்டுக்குள் ஓடினீர்களோ, அத்தனையும் அதில் ஏறட்டும். அதுதான் உங்கள் உண்மையான பட்டியல். எங்கள் நோட்டில் அன்று ஏறியவை 14. செருப்பு கழற்றி வைக்க ஒரு தட்டு, இரவில் கழிவறைக்குப் போக மங்கலான விளக்கு, ஈரத் துண்டு மாட்ட இரண்டு கொக்கி. கடையில் பார்த்து ஆசைப்பட்ட எதுவும் அந்த 14-ல் இல்லை. இரண்டாவது இரவு, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள முகாமிடத்தில். மூன்றாவதுதான் பயணம்.

அதற்கு முன் கட்டாயம் வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது இவ்வளவே: சக்கரத்தை ஏற்றிவிடும் சாய்தளக் கட்டை ஒரு ஜோடி, சக்கரம் உருளாமல் முட்டுக் கொடுக்கும் கட்டை, சின்ன ரசமட்டம், குடிநீருக்கான ஹோஸ், வெளி மின் இணைப்புக்கான கேபிள், ரப்பர் கையுறை, தலையில் மாட்டும் டார்ச், வண்டியில் உள்ள எல்லா அளவிலும் இரண்டிரண்டு ஃபியூஸ், தீத்தடுப்புப் போர்வை, தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு அலாரம். முதலுதவிப் பெட்டியை நான் சொல்லாமலே எடுத்து வைப்பீர்கள்.

கேள்வி: வெளி மின்சாரம் இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்க ஆசை. உள்ளே இருப்பது ஒரே ஒரு 100 ஆம்பியர்-அவர் பேட்டரி. போதுமா? விற்றவர் சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்.

சோலார் பற்றிப் பிறகு. ஆம்பியர்-அவர் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் என்ற அளவு. முதலில் உங்கள் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். ஈய-அமில வகை என்றால், 100 என்று எழுதியிருந்தாலும் பயன்படுத்த வேண்டியது 50தான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வகையில் 80 முதல் 90 வரை தாராளமாக எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்காலப் பயணம் போகிறவர்கள் அந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி செலவைப் பார்ப்போம். கம்பிரசர் வகை 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி, ஒரு நாளைக்குத் தோராயமாக 30 ஆம்பியர்-அவர். 3 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து, 4 மணி நேரம் எரிந்தால் 60 வாட்-அவர், அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர்-அவர். தண்ணீர் மோட்டார் நாள் முழுக்கச் சேர்த்தாலும் கால் மணி நேரம்தான் ஓடும், 1 போதும். இரவெல்லாம் சூடேற்றியின் மின்விசிறி சுழன்றால் 12. இரண்டு கைபேசி 3. கூட்டிப் பாருங்கள், 51. உங்கள் பேட்டரி ஈய-அமில வகையாக இருந்தால் ஒரே நாளில் கணக்கு முடிந்தது. இரண்டாவது இரவு இருட்டில்தான்.

என் சொந்தக் கணக்கு தப்பிய இரவை மறக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியை நான் கூட்டவே இல்லை. அது கேஸில் ஓடும் வகை என்று நினைத்துவிட்டேன். அதிகாலை மூன்று மணிக்குச் சூடேற்றி நின்றது. வெளியே கடும் குளிர். மின்சாரம் போனால் மோட்டாரும் ஓடாது, குழாயில் தண்ணீரும் வராது என்பதைக்கூட அப்போதுதான் உணர்ந்தேன். விடிந்ததும் செய்த முதல் வேலை, ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைக் குனிந்து படித்து நோட்டில் எழுதியது. நீங்கள் அதைக் கிளம்பும் முன்பே செய்யுங்கள்.

கூடவே ஒரு வோல்ட் மீட்டர். எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு பார்த்தால், ஈய-அமில பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். லித்தியத்தில் வோல்ட் கடைசிவரை பெரிதாக மாறாது, ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மானிட்டர் வேண்டும்.

இப்போது சோலார். கூரையில் படுக்கையாகப் பொருத்திய 100 வாட் தகடு, நல்ல வெயில் நாளில் 300 வாட்-அவரைச் சுற்றித் தரும், 25 ஆம்பியர்-அவர். மேகமூட்டத்திலும் குளிர்காலத்திலும் அதில் சின்னப் பங்குதான். நிழலில் நிறுத்த ஆசைப்படும் அதே நாளில்தான் சோலாருக்கு வெயில் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். நல்ல பொருள், நான் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் பயணத்துக்கு முன் வேண்டாம். உங்கள் செலவு தெரிந்த பிறகு, தேவையான அளவுக்கு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் வாங்கலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். 2000 வாட் கெட்டிலை அதில் செருகினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 165 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைக்க கேஸ் இருக்கும்போது இது வேண்டாத வேலை.

கேள்வி: முகாமிடத்தில் கேபிளைச் செருகியதும் எல்லாம் நன்றாக ஓடியது. கெட்டிலைப் போட்டவுடன் முழு வண்டியும் இருண்டது. வயரிங் கோளாறா?

கோளாறு இல்லை. அந்த இணைப்பு எத்தனை ஆம்பியர் என்று, நீங்கள் கேபிளைச் செருகிய கம்பத்திலேயே எழுதியிருக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட் மட்டுமே. கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும், ட்ரிப் ஆகிவிட்டது. வண்டியில் வைப்பதற்கென்று 800 வாட் சுற்றிலான சின்ன கெட்டில் கிடைக்கிறது. கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான்.

கேபிள் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 25 மீட்டர், கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். பக்கத்திலேயே நிறுத்தினாலும் உருளையிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே மின்சாரம் ஓடினால் நடுவில் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். உருகி ஒட்டிப்போன ஓர் உருளையைப் பக்கத்து வண்டிக்காரர் கையில் பார்த்தேன். நல்லவேளை, பகலில் நடந்தது.

கேள்வி: பழைய வண்டி. குழாயைத் திறந்தால் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் நாற்றம். வடிகட்டி பொருத்தலாமா?

தொட்டியைச் சுத்தம் செய்யாமல் வடிகட்டி பொருத்துவது அழுக்குத் தரையில் பாய் விரிப்பது போல. முதலில் தொட்டியை முழுக்க வடியுங்கள். தண்ணீர்ச் சூடேற்றியைத் தனியே விலக்க வால்வு இருந்தால் விலக்குங்கள், பழைய வடிகட்டி இருந்தால் கழற்றுங்கள். பிறகு வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவத்தை, தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லி என்ற கணக்கில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி. மீதியை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள், குளியல் ஷவர் உட்பட. இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் வடித்து, வாசனை போகும்வரை இரண்டு மூன்று முறை நிரப்பி வடியுங்கள். இதோடு வேறு எந்தக் கழுவு திரவத்தையும் கலக்காதீர்கள். அமிலம் கலந்தது பட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

ஹோஸ் குடிநீருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தோட்டத்து ஹோஸ் வெயிலில் கிடந்தால் உங்கள் நாற்றம் மறுபடி வந்துவிடும். கழிவறைக் கேசட்டை, அதாவது கழிவு சேரும், வெளியே இழுத்து எடுக்கும் பெட்டியை, கழுவ வேறு ஹோஸ், வேறு நிறம், வேறு பெட்டி. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்ததில்லை. என் கணவர் ஒருமுறை மாற்றி எடுத்தார் என்பதற்காகப் புதிய ஹோஸையே தூக்கிப் போட்டோம்.

தண்ணீர்ச் சூடேற்றியில் தண்ணீர் நிறையாமல் அதை இயக்கவே கூடாது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தாரை சீராக வந்த பிறகே சுவிட்ச்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தமே இல்லை, குளிரும் வரவில்லை. கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை. மாற்ற வேண்டுமா?

மாற்றும் முன் ரசமட்டத்தைத் தரையில் வையுங்கள். உங்களுடையது உறிஞ்சல் வகை. சத்தம் வராதது அதன் இயல்பு. 1922-ல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. கம்பிரசர் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. சூடு கொடுத்தால் அம்மோனியா ஆவியாகி மேலே போகும், குளிர்ந்து திரவமாகித் தன் எடையாலேயே கீழே இறங்கும். வண்டி சாய்ந்து நின்றால் அந்தத் திரவம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது, குளிரும் வராது. இதற்காகத்தான் முதல் பட்டியலிலேயே சாய்தளக் கட்டையும் ரசமட்டமும் சொன்னேன். நேராக்கிய பிறகு அவசரப்படாதீர்கள், குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். பயணத்துக்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: 4 வயதிலும் 7 வயதிலும் இரண்டு குழந்தைகள். கேஸ் வைத்த வண்டியில் அவர்களோடு தூங்கப் பயமாக இருக்கிறது அம்மா. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பயம் நியாயமானது, மகளே. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால்தான் வண்டியின் தரையிலும் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் திறந்த துளைகள் வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறது, பூச்சி வருகிறது என்று அவற்றைத் துணியால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருபோதும் அடைக்காதீர்கள், அவற்றின் மேல் பெட்டியும் வைக்காதீர்கள். பூச்சிக்குக் கம்பி வலை போதும். கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. ரெகுலேட்டரோடு வரும் ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், காலாவதியானதை உடனே மாற்றுங்கள். வண்டி வாங்கிய கையோடு தகுதியுள்ள ஒருவரிடம் முழு கேஸ் அமைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடவே கூடாது.

கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று சாதாரணக் களைப்பு போலவே தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. இதற்குத் தனி அலாரம் வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், படுக்கைக்கு அருகில். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். அடுப்பை அறையைச் சூடாக்கப் பற்ற வைக்காதீர்கள். வெளியே சமைத்த கரி அடுப்பை, அணைந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளேயோ வாசல் மறைப்புக்குள்ளேயோ கொண்டுவராதீர்கள். கனலும் கரி இரவெல்லாம் இந்த வாயுவைக் கக்கும். மழைக்குப் பயந்து அடுப்பை உள்ளே இழுத்த குடும்பங்கள் திரும்பி எழவில்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது.

குழந்தைகள் பற்றி இன்னும் ஒன்று. ஆறு பேர் தூங்கலாம் என்றால் ஆறு பேர் பயணிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. முன்னோக்கிய இருக்கையும் மூன்று புள்ளி பெல்ட்டும் எத்தனை உள்ளனவோ அத்தனை பேர்தான். ஓடும் வண்டியில் குழந்தை படுக்கையில் தூங்கக் கூடாது, எவ்வளவு அழுதாலும். அவசரத்தில் எந்த ஜன்னல் வழியே வெளியேறுவது என்று முதல் நாள் மாலையே இருவரையும் திறந்து பழகச் செய்யுங்கள். என் அக்கா மகன்கள் அதை ஒரு பந்தயமாகவே செய்தார்கள். இருட்டிலும் தாழ்ப்பாள் அவர்கள் கைக்குத் தெரியும்.

கேள்வி: குளிர்ப் பிரதேசத்தில் சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு எரியவில்லை. ஏன்?

உங்கள் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் வகை கேஸ். 0 டிகிரியை நெருங்கும்போதே அது ஆவியாவது நின்றுவிடும். புரோப்பேன் வகை -42 டிகிரி வரை ஆவியாகும். குளிரில் புரோப்பேன் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஓட்டியது குறைவு, டயர் புதிது போலவே இருக்கிறது. மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மோட்டார்ஹோம் வருடத்தில் பல மாதம் ஒரே இடத்தில் நிற்கிறது. டயரின் வரிப் பள்ளங்கள் தேயாமலே ரப்பர் வயதாகி வெடித்துப் போகிறது. எண்ணைப் படித்துவிட்டு அவரிடம் பேசுங்கள். பக்கச் சுவரில் மெல்லிய விரிசல் தெரிந்தால் அவர் சொல்வது சரி. காற்றழுத்தத்தை டயரில் எழுதியதைப் பார்த்து வைக்காமல், எடைமேடையில் கிடைத்த அச்சு எடைக்கு டயர் நிறுவன அட்டவணை சொல்லும்படி வையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கேசட் கழிவறையை நினைத்தாலே மனைவிக்கு அருவருப்பு. வழி உண்டா?

அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதுதான் வழி. கேசட் பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு மூன்று நாள். நிறையக் காத்திருக்காமல் தினமும் காலையில் காலி செய்தால் கனமும் குறைவு, நாற்றமும் குறைவு. கையுறை, அதற்கான திரவம், எளிதில் கரையும் காகிதம். கொட்டுவது அதற்கென்று அமைத்த இடத்தில் மட்டும்.

கேள்வி: கார் மட்டுமே ஓட்டிய எனக்கு இவ்வளவு பெரிய வண்டி பயமாக இருக்கிறது. கணவர் மட்டுமே ஓட்டட்டும் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள், சகோதரி. அவருக்கு வழியில் காய்ச்சல் வந்தால் வண்டி எப்படித் திரும்பும்? நானும் இரண்டாவது ஆண்டில்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

முதலில் வண்டியின் உயரத்தை நீங்களே அளந்து, கூரையில் உள்ள ஆன்டெனா, ஏ.சி. பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து, மீட்டரில் எழுதிக் கண்ணாடியின் மேல் ஒட்டுங்கள். எங்கள் கையேட்டில் 2.89, அளந்தபோது 3.02. தாழ்ந்த பாலத்தின் முன்னால் நின்று நினைவிலிருந்து எண் தேடக் கூடாது.

பிறகு ஆளில்லாத பெரிய மைதானம். நான்கு காலி வாளிகளை நிறுத்துங்கள். பின் அச்சுக்குப் பின்னால் 2 மீட்டர் வண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். கணவர் வெளியே நின்று வாளிக்கும் வண்டிக்கும் இடைவெளியைப் பார்க்கட்டும், நீங்கள் மெதுவாக ஒடியுங்கள். வால் எவ்வளவு வீசுகிறது என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டால், பெட்ரோல் பங்கில் தூணை ஒட்டித் திரும்பும்போது உடம்பே சொல்லிவிடும். பின்னோக்கி எடுக்கும்போது வெளியே நிற்பவர் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும். அவர் மறைந்த நொடியே பிரேக். கை அசைவுகளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கத்தில் இரண்டு கையும் மேலே போனால் நில், அவ்வளவுதான். கத்துவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

கிளம்பும் முன் வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள்: கேபிள் கழற்றியாயிற்றா, ஹோஸ் உள்ளே வந்ததா, படி மடங்கியிருக்கிறதா, கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் அடைத்ததா, சக்கரக் கட்டை எடுத்தாயிற்றா. யார் ஓட்டப்போகிறாரோ அவரே இந்தச் சுற்றை நடக்க வேண்டும். அன்று நீங்கள் ஓட்டினால், நீங்கள்.